படிவத்துக்கு முதல் ஒரு பயணம்



உயர்தரப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பம் கோரப்படும் நாட்களில் நம் ஊர்க் கொமியூனிகேஷன் கடைகளுக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கணினிக்கு முன்னால் கடைத் தம்பி. பக்கத்துக் கதிரையில் கைநூலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை. பின்னால் நின்றபடி வாப்பா. விருப்ப வரிசையில் கற்கைநெறிகளை, அவற்றுக்குரிய குறியீடான யுனிகோடு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். முதல் மூன்று நான்கு தடையில்லாமல் போகும். பிறகு தம்பி கேட்பார், "அடுத்தது என்ன போட?" பிள்ளை வாப்பாவைப் பார்க்கும். வாப்பா தம்பியைப் பார்ப்பார். "மத்தப் புள்ளைகள் எதப் போட்டிச்சிகளோ அதையே போடுங்க தம்பி."

13 வருடம் படித்த படிப்பு, இரண்டு மூன்று வருட டியூசன், உம்மா அடகு வைத்த காப்பு, எல்லாம் வந்து நிற்கும் இடம் அந்த வரிசை. அந்த வரிசையின் பாதியைக் கடைத் தம்பியின் ஞாபகம் நிரப்பிவிடுகிறது. தம்பியைக் குறை சொல்லி ஒன்றும் இல்லை. அவர் நல்ல மனதோடு உதவுகிறார். வாப்பாவையும் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பேராதனை என்பது கண்டிக்குப் போகும் வழியில் ஒரு பெயர்ப்பலகை. களனி என்பது பத்திரிகையில் வரும் ஒரு பெயர். பிள்ளைக்கும் அப்படித்தான். நம் அம்பாறைக் கரையோர ஊர்களில் பெரும்பாலான பிள்ளைகள் தாம் படிக்கப்போகும் பல்கலைக்கழகத்தை முதன்முதலாகக் காண்பது, பாயும் வாளியும் பெட்டியுமாக அங்கே சேரப் போகும் நாளில்தான்.

ஏன் முதலே போய்ப் பார்ப்பதில்லை என்று பெற்றோரிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "போய் வாறதுக்குச் செலவு யாரு பாக்கிற?" அந்தச் செலவைப் பற்றித்தான் இம்மாத ஆசிரியர் பக்கம்.

இந்தப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களைப் பிரிக்கும் முறை நமக்குத் தெரிந்ததே. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த பதினாறு மாவட்டங்களுக்கு. அவற்றில் நம் அம்பாறையும் ஒன்று. இதனால் நம் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் எந்தக் கதவு என்பதை உயர்தரத்தில் பெற்ற இசட் புள்ளியோடு சேர்த்து முடிவு செய்வது பிள்ளை போட்ட விருப்ப வரிசை. ஆறாவதாகப் போட்டது கிடைத்து, ஒன்பதாவதாகப் போட்டதுதான் தனக்குப் பிடித்தது என்று அங்கே போன பிறகு தெரிந்தால் திருத்துவதற்கு வழி மிகக் குறைவு. ஒருமுறை பதிந்துவிட்டால் கற்கைநெறியை மாற்றுவது எளிதல்ல. ஒரு பஸ் டிக்கெட்டை மிச்சம் பிடித்து நான்கு வருடத்தை இழக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நான் வருத்தத்தோடு பார்ப்பது இதைத்தான்.

பிரித்தானியாவில் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் முன்பே ஊர் ஊராகப் போய்ப் பல்கலைக்கழகங்களின் திறந்த நாட்களைப் பார்க்கிறார்கள். அங்கும் ரயில் கட்டணம் குடும்பங்களை அழுத்தத்தான் செய்கிறது. அதனால் சில பல்கலைக்கழகங்கள் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயணச் செலவைத் திருப்பிக் கொடுக்கின்றன. 16 முதல் 25 வயது வரையானவர்களுக்கு ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் அட்டையும் இருக்கிறது. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் பிள்ளை வளர்க்கும் நம் வாசகர்களுக்கு இது தெரிந்திருக்கும். நம் நாட்டில் திறந்த நாள் இன்னும் அவ்வளவு வழக்கமாகவில்லை. இங்கே பார்க்கக் கிடைப்பது பல வடிவங்களில் வருகிறது. பல்கலைக்கழகமோ ஒரு பீடமோ வைக்கும் திறந்த நாள், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்மோ போன்ற பெரிய கண்காட்சிகள், கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் றோயல் கல்லூரிச் சங்கம் நடத்தும் எடெக்ஸ் கல்விக் கண்காட்சி, பிறகு சில கற்கைநெறிகளுக்கு எழுதியே ஆகவேண்டிய உளச்சார்புப் பரீட்சை. இவற்றில் எதற்காகப் போனாலும் அது பல்கலைக்கழகத்தைப் பார்க்கும் பயணமாகவும் ஆகலாம். அப்படி ஆக்கிக்கொள்வதுதான் முதல் சிக்கனம்.

தூரத்துக்குப் போகும் முன் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி ஒலுவில். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சாதாரண பஸ் டிக்கெட் போதும். அந்த வழியே நூறு தடவை போய் வந்த பிள்ளை அந்த வாசலுக்குள் ஒரு தடவையும் கால் வைத்திருக்காது. மாமி வீட்டுக்குப் போகும்போது ஜன்னலால் பார்த்ததோடு சரி.

அந்தப் பல்கலைக்கழகம் அங்கே ஏன் வந்தது என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். போர் மீண்டும் மூண்ட 1990களில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் நம் பிள்ளைகள் போய்ப் படிக்க முடியாத நிலை வந்தது. வழியில்லை, வழி இருந்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அனுமதி கிடைத்தும் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1996 மே மாதத்தில் அது முழுப் பல்கலைக்கழகமானது. நம் கரையோரத்தில் உயர்கல்விக்கான பயணச் செலவை மிக அதிகமாகக் குறைத்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிள்ளையால் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாத காலத்தில் பல்கலைக்கழகத்தைப் பிள்ளையிடம் கொண்டுவந்தார்கள். அதை உள்ளே போய்ப் பார்க்காமலே "ஒலுவில்தானே" என்று வரிசையின் அடியில் போடுவதும், அதே மாதிரிப் பார்க்காமலே "வீட்டுக்குப் பக்கம்" என்று மேலே போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒலுவிலில் கலை கலாசார பீடம், முகாமைத்துவ வர்த்தக பீடம், இஸ்லாமிய கற்கைகள் மற்றும் அரபு மொழி பீடம், பொறியியல் பீடம், தொழில்நுட்பவியல் பீடம் என்று இருக்கின்றன. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் ஒலுவிலுக்குப் போய், தம் பீடம் அங்கே இல்லையென்று தெரிந்து திரும்ப வேண்டாம். திறந்த நாள் என்று அறிவித்தால் அந்த நாளில் போவது நல்லது. அறிவிக்காவிட்டாலும் வழி இருக்கிறது. பாடசாலை அதிபர் பீடாதிபதிக்கோ பதிவாளருக்கோ ஒரு கடிதம் எழுதி, இன்ன நாளில் இத்தனை மாணவர் பார்வையிட வர அனுமதி கேட்கலாம். தனியாகப் போய் வாசலில் நின்று காவலாளியிடம் கெஞ்சுவதை விட ஒரு கடிதம் மேல். போனால் கட்டடத்தை மட்டும் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு வராதீர்கள். நூலகத்தில் உங்கள் பாட நூல்கள் எந்த மொழியில் இருக்கின்றன என்று பாருங்கள். விரிவுரை எந்த மொழியில் என்று கேளுங்கள். இரண்டாம் வருட மாணவி ஒருவரைக் கண்டால், முதல் வருடத்தில் எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். கைநூலில் இல்லாத பதில் அங்கேதான் கிடைக்கும்.

வடக்குப் பக்கம் போனால் மட்டக்களப்பு. கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். அங்கிருந்து வாழைச்சேனை பஸ்ஸில் ஏறினால் வந்தாறுமூலையில் இறங்கலாம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்தரின் பெயரைத் தாங்கிய நிறுவகம். சித்திரம், நாடகம் என்று ஆர்வமுள்ள பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். காலையில் சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினால் இரண்டையும் பார்த்துவிட்டு மஃரிபுக்கு முன் வீடு வரலாம். தங்கும் செலவு இல்லை. சோற்றுப் பார்சல் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம்.

தூரத்துப் பயணம்தான் பணத்தைத் தின்பது. அதை விரிவாகவே பேசுவோம்.

கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். நம் ஊர்களில் கொழும்புப் பயணம் என்றாலே கைக்கு முதல் வருவது இரவு ஏசி பஸ். இஷா தொழுதுவிட்டு ஏறினால் விடியுமுன் புறக்கோட்டை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏசி பஸ்ஸின் கட்டணம் சாதாரண பஸ்ஸை விடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. வாப்பாவும் மகளும் போய் வர நான்கு டிக்கெட். அந்த நான்கும் ஏசியில் என்றால் சாதாரண பஸ்ஸில் எட்டுப் பேர் ஒரு வழி போகும் காசு. இடையில் பஸ் நிற்கும் கடையில் ஆளுக்கொரு கொத்து, தேநீர், ஒரு போத்தல் தண்ணீர் என்று வாங்கினால் இன்னொரு டிக்கெட்டுக்குக் கிட்ட வந்துவிடும். இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் சுற்றி எடுத்துப் போவதை வெட்கமாக நினைக்கும் பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை. நம் மூத்தவர்கள் ஹஜ்ஜுக்கே மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள்.

இலங்கை போக்குவரத்துச் சபை பஸ்ஸில் போகலாம். பகலில் போனால் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்க வேண்டிவரும். அப்படி உறவினர் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. பஸ் கட்டணத்தை ஒவ்வொரு ஆண்டும் ஜூலை முதலாம் திகதியை ஒட்டி மீளாய்வு செய்வார்கள். பயணத் திகதி கையில் இருந்தால் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போயா தினத்தோடு சனி, ஞாயிறு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறையில் மட்டும் கிளம்பாதீர்கள். அந்த நாட்களில் இருக்கை கிடைப்பதே பெரும் பாடு.

ரயில் நம் கரையோரத்துக்கு வந்ததில்லை. மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆனாலும் ரயிலை நாம் உரிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு கோட்டைக்கு மூன்றாம் வகுப்பில் போனால், கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குக் கொடுக்கும் பஸ் காசையும் சேர்த்தாலும், ஏசி பஸ்ஸை விட நிறையக் குறையும். இருக்கையை முப்பது நாள் முன்கூட்டியே பதியலாம். கால் நீட்டலாம், நடக்கலாம், கழிவறை இருக்கிறது. உம்மாவோடு போகும் பயணத்தில் அந்தக் கடைசி வசதியின் பெறுமதி வாசகிகளுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மட்டக்களப்பு நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். மாரி வெள்ளத்தில் முதலில் அடிபடும் பாதைகளில் இதுவும் ஒன்று. 2025 பெப்ரவரியில் இதே பாதையில் மீனகயா ரயில் மின்னேரியா பக்கம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய அட்டவணையை நம்பிப் போகக்கூடாது.

இந்த இடத்தில் ஆசிரியர் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கல்முனை, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு இரண்டு மூன்று ஆசிரியர் வீடு இருக்கும். அரச ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் விடுமுறைக்கான இலவச ரயில் வொரன்ட் உண்டு. துணைவருக்கும், தங்கி வாழும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதை எடுக்காமலே வருடம் முடிந்துபோவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். ரயில் இல்லாத மாவட்டம் என்பதால் அந்த நினைவே நமக்கு வருவதில்லை. பிள்ளை உயர்தரம் எழுதிய வருடத்தில் அதை வீணாக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் வொரன்ட் எழுதுபவரிடம் இன்றைக்கே கேளுங்கள்: என் மகனின் பெயர் சேருமா, எந்த வகுப்பு, எத்தனை நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும்.

பேராதனைக்குக் கொழும்பு வழியாகப் போக வேண்டியதில்லை. அம்பாறை, மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு பஸ் இருக்கிறது. மஹியங்கனை தாண்டி வரும் பதினெட்டு வளைவில் வயிறு புரளும் பிள்ளைகளுக்கு ஒரு தேசிக்காய் கையில் இருக்கட்டும். 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் கொழும்பிலிருந்து பேராதனையின் மலையடிவாரத்துக்கு இடம்மாறியது. மகாவலி ஓரமாக நடந்து, அந்த நூலகத்தையும் விடுதிகளையும் ஒரு தடவை பார்த்த பிள்ளை திரும்பி வந்து புத்தகத்தைத் தொடும் விதமே வேறு. இதனால்தான் உயர்தரம் முடிந்த பிறகு அல்ல, உயர்தரம் தொடங்கும் வருடத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தையாவது காட்டிவிடுங்கள் என்று சொல்கிறேன்.

ஏற்கெனவே போகும் பயணத்தோடு பிள்ளையைச் சேர்த்து அனுப்புவது இன்னொரு வழி. நம் மக்கள் கொழும்புக்குப் போகாத கிழமையே இல்லை. புறக்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போகிறார்கள். கடவுச்சீட்டுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் போகிறார்கள். மஹரகம வைத்தியசாலைக்கு நோயாளியைக் கூட்டிப் போகிறார்கள். காக்கா சாமான் எடுக்கப் போகும்போது தங்கச்சியும் கூடப் போய், அவர் கடைத்தெருவில் அலையும் நேரத்தில் அங்கே இருக்கும் ராத்தாவோடு கொழும்புப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். துணைக்கு வருபவரின் டிக்கெட் எப்படியும் எடுக்கப்பட வேண்டியதுதானே. விடியுமுன் புறக்கோட்டையில் இறங்கும் ஆண்கள் இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டார் பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டு நாளைத் தொடங்கலாம். சிவப்பும் வெள்ளையுமாக 1909இல் கட்டி முடித்த பள்ளி. கொழும்பை முதன்முதலாகக் காணும் பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கனம் சேர்ந்து போவது. பத்துப் பிள்ளைகள் தனித்தனியே ஆளுக்கொரு துணையோடு போய் வந்தால் நாற்பது டிக்கெட். அதே பத்துப் பேரை இரண்டு ஆசிரியர்கள் கூட்டிப் போய் வந்தால் இருபத்துநான்கு. மிச்சம் பதினாறு டிக்கெட். ஒரு பஸ் நிறைய ஆட்கள் சேர்ந்தால் வாடகை பஸ்ஸே கட்டுப்படியாகும். போகும் வழியில் இரண்டு பல்கலைக்கழகங்களை ஒரே பயணத்தில் பார்க்கலாம். கல்முனை ஸாஹிராவும் மஹ்மூத் மகளிர் கல்லூரியும் கார்மேல் பற்றிமாவும் வெஸ்லியும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. ஒரு பாடசாலையில் பொறியியலுக்கு ஆசைப்படும் பிள்ளைகள் ஆறு பேர்தான் என்றால், நான்கு பாடசாலையும் சேர்ந்தால் ஒரு வான் நிறைந்துவிடும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வானில் போய் வருவதில் டிக்கெட் காசுக்கு மேலேயும் ஒரு லாபம் இந்த மண்ணுக்கு இருக்கிறது. உயர்தரப் பிரிவுத் தலைவர்கள் மனம் வைத்தால் இது நாளைக்கே நடக்கும்.

சிக்கனம் பற்றி இவ்வளவு சொன்ன நான், இரண்டு இடங்களில் காசைப் பிடிக்க வேண்டாம் என்று கேட்கிறேன்.

ஒன்று, உளச்சார்புப் பரீட்சை. மொறட்டுவையில் கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற கற்கைநெறிகளுக்கும், வேறு பல்கலைக்கழகங்களில் உடற்கல்வி போன்றவற்றுக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது. அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைய வேண்டும். அறிவித்தல் பத்திரிகையிலும் இணையத்திலும் வரும். அதைத் தவறவிட்டவர் விருப்ப வரிசையில் முதலாவதாகப் போட்டும் பயனில்லை. நம் பிள்ளைகள் இந்தப் பரீட்சைக்கு எப்படிப் போகிறார்கள் தெரியுமா? இரவு முழுதும் பஸ்ஸில் உட்கார்ந்து, புறக்கோட்டையில் முகம் கழுவி, இன்னொரு பஸ் பிடித்து, கண் சிவந்து, காலைப் பரீட்சையில் பென்சிலைப் பிடிக்கிறார்கள். பக்கத்து மேசையில் இருப்பது கொழும்பில் தன் கட்டிலில் தூங்கி எழுந்த பிள்ளை. இதில் போட்டி எங்கே இருக்கிறது? இந்தப் பயணத்துக்கு மட்டும் ஒரு நாள் முந்திப் போங்கள். சொந்தக்காரர் வீடோ, தெரிந்தவர் வீடோ, ஓர் இரவுத் தூக்கம் பிள்ளைக்கு வேண்டும். முதல் நாள் பின்னேரம் போய்ப் பரீட்சை மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பல்கலைக்கழகத்தைப் பார்த்ததாகவும் ஆகும்.

மற்றது உம்மாவின் டிக்கெட். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை நம் வீடுகளில் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். "குமர்ப்புள்ள, அவ்வளவு தூரம் எப்படி அனுப்புற?" என்று உம்மா ஒரு வார்த்தை சொன்னால் வாப்பாவின் ஆசையும் அடங்கிவிடும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அது அன்பிலிருந்து வருவது. ஆனால் காணாத இடத்தின் மீது வரும் பயம் கண்டால் குறையும். விடுதியின் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது, குளியலறை எங்கே, தொழ இடம் உண்டா, ஹலால் சாப்பாடு எங்கே கிடைக்கும், பகிடிவதை என்றால் யாரிடம் முறையிட வேண்டும் என்பதையெல்லாம் உம்மா தன் கண்ணால் பார்த்து, தன் வாயால் கேட்டு வரட்டும். பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதை அமுல்படுத்தும் அதிகாரி அந்த வளாகத்தில் யார் என்று பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. வாப்பா போய் வந்து "நல்ல இடம்தான்" என்று சொல்வது அவருக்குப் போதும். உம்மாவுக்குப் போதாது. இரண்டு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் இரண்டாவதை உம்மாவுக்கு எடுங்கள்.

அங்கே வழிகாட்ட ஆள் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். பேராதனை, கொழும்பு, மொறட்டுவை போன்ற பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர்களின் அமைப்பான முஸ்லிம் மஜ்லிஸ் இயங்குகிறது. அதில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவராவது இருப்பார். முன்கூட்டியே பேசினால் வாசலில் வந்து கூட்டிப் போய், விரிவுரை மண்டபத்திலிருந்து கன்டீன் வரை காட்டிவிடுவார்கள். தாம் வந்த முதல் நாள் பட்ட பாடு அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

போய்ப் பார்த்த பிறகும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா மாசா மாசம் வந்து போக ஏலாது" என்று தூரத்துப் பல்கலைக்கழகத்தை வரிசையிலிருந்து வெட்டிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெட்டும் முன் கணக்கை முழுதாகப் போடுங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. இது முழுச் செலவுக்கும் காணாது என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்து போகும் பஸ் காசைக் காரணம் காட்டி ஒரு கற்கைநெறியை வெட்டும் நிலையை அது மாற்றும். விடுதி கிடைக்குமா, முதல் வருடத்துக்கு மட்டுமா, இறுதி வருடத்துக்கும் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டு இந்தக் கணக்கில் சேருங்கள்.

இனி வசதி உள்ள வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் பள்ளிவாசல்களும் பழைய மாணவர் சங்கங்களும் வர்த்தகர்களும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். மேடை, ஒலிபெருக்கி, நினைவுச் சின்னம், பொன்னாடை. பிள்ளைகளைப் பாராட்டுவது நல்ல காரியம், அது நிற்க வேண்டாம். ஆனால் அந்தச் செலவில் ஒரு பகுதியை, தெரிவாகும் முன்பே அந்தப் பிள்ளைகள் போய்ப் பார்த்து வரும் ஒரு பஸ்ஸுக்குக் கொடுங்கள். கத்தாரிலும் சவூதியிலும் லண்டனிலும் இருந்து ஊருக்கு உதவ வழி கேட்டு எழுதும் சகோதரர்களே, உங்களுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு பஸ்ஸின் ஒரு நாள் வாடகை. பெயர்ப்பலகை வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். நம் பல்கலைக்கழக நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கலாம். திறந்த நாள் திகதியை ஒரு கிழமைக்கு முன் அறிவித்தால் பொத்துவிலிலும் இறக்காமத்திலும் இருக்கும் பிள்ளை எப்படித் தயாராகும்? ஒரு மாதமாவது முந்திச் சொல்லுங்கள். அதிபர்களுக்குத் தமிழில் கடிதம் அனுப்புங்கள்.

எங்கள் பங்குக்கு ஒன்று செய்யப்போகிறோம். அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்தில் பாதியை இதற்காக ஒதுக்குகிறோம். எந்தப் பல்கலைக்கழகத்தில் திறந்த நாள், எங்கே கண்காட்சி, எந்த உளச்சார்புப் பரீட்சைக்கு எப்போது விண்ணப்ப முடிவு என்று கிடைக்கும் திகதிகளை அதில் போடுவோம். உயர்தர ஆசிரியர்களே, பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளே, உங்களுக்குத் தெரிய வரும் திகதியை உடனே எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வான் ஒழுங்கு செய்தவர்கள் எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது, எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது, கூடப் போகும் ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இம்மாதம் 20ஆம் திகதிக்கு முன் வந்து சேர்ந்தால் அடுத்த இதழிலேயே இடம்பெறும்.




ஆசிரியர்